வாத்தியார் வேலைக்குப் போகும் வழி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு

நான் பாலக்கோடு பக்கம். பி.காம் முடித்த கையோடு பி.எட் சேரலாம் என்று ஒரு கல்லூரிக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் மதிப்பெண் பட்டியலை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "பி.காம் மட்டும்தானா? எம்.காம் முடிச்சிட்டு வாங்கம்மா" என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வாத்தியார் ஆகணும் என்றுதான் மூன்று வருடம் பஸ் ஏறியிறங்கிப் படித்தேன். வணிகவியலுக்கு மட்டும் கணக்கு வேறு என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான், கேட்கவும் ஆளில்லை. ஐந்து வருடத்தில் முடியும் என்று நினைத்தது ஏழு வருடம் ஆனது.

என் தங்கை கணிதம் எடுத்தாள். அவளுக்கு வேறு மாதிரிச் சிக்கல்கள். இரண்டு பேர் பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பிளஸ் டூ படிக்கிறவர்கள் இப்போதே படித்துவிடுங்கள், டிகிரி முடித்த பிறகு படித்தால் பாதிதான் உதவும்.

1. எந்த வகுப்புக்குப் பாடம் நடத்தப் போகிறீர்கள்?

"டீச்சர் ஆகணும்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அரசுப் பள்ளியில் மூன்று வாசல் இருக்கிறது, மூன்றுக்கும் சாவி வேறு.

இடைநிலை ஆசிரியர் என்பவர் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்துகிறவர். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பு, அதாவது நாம் பழைய பழக்கத்தில் டி.டி.எட் என்று சொல்வது. பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45. அப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் தாள். தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய்.

பட்டதாரி ஆசிரியர் ஆறு முதல் பத்து வரை. இளநிலைப் பட்டம், பி.எட், டெட் இரண்டாம் தாள். அடிப்படைச் சம்பளம் 36,400.

முதுகலை ஆசிரியர் பதினொன்று, பன்னிரண்டு. முதுகலைப் பட்டமும் பி.எட்டும் வேண்டும். டெட் தேவையில்லை, நேராக டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு. அடிப்படைச் சம்பளம் 36,900.

ஒரு பொறி: "பி.எட் முடிச்சா முதல் தாளும் எழுதலாம், சின்னப் பிள்ளைகளுக்கும் போகலாம்" என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை நடத்த பி.எட் தகுதி ஆகாது. சின்னப் பிள்ளைகள்தான் பிடிக்கும் என்றால் டி.டி.எட் பக்கம் போங்கள்.

2. பட்டப்படிப்பில் எந்தப் பாடம்? இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறோம்

தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல். இவற்றில் ஒன்றை எடுத்தால் டிகிரி முடித்ததும் பி.எட், அதன் பிறகு பட்டதாரி ஆசிரியர் என்று நேர்வழி இருக்கிறது.

வணிகவியல், பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் எடுத்தவர்களுக்கு முதுகலைப் பட்டம் இருந்தால்தான் பி.எட்டில் இடம். பத்தாம் வகுப்பு வரை வணிகவியல் என்று ஒரு பாடமே இல்லையே, பட்டதாரி ஆசிரியர் பணியிடம் எங்கிருந்து வரும்? யோசித்தால் எளிது. பதினேழு வயதில் யார் யோசிக்கிறார்கள்! இந்தப் பாடங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்குச் சோறு போடுவது எம்.காம்தான். ஏழு வருடம் என்று தெரிந்து எடுங்கள், அவ்வளவுதான்.

கணினி அறிவியல் எடுப்பவர்களும் கவனிக்கணும். அரசுப் பள்ளியில் கணினிக்கு இருப்பது மேல்நிலை வகுப்புக்கான கணினிப் பயிற்றுநர் பணியிடம். அதற்கும் முதுகலையும் பி.எட்டும் கேட்பார்கள்.

அடுத்தது பெயர்ப் பொறி. கல்லூரிகள் பாடத்துக்கு முன்னால் 'பயன்பாட்டு' என்றோ பின்னால் வேறு எதையோ ஒட்டிப் புதுப்புதுப் பெயரில் பட்டம் வைத்திருக்கின்றன. உங்கள் பட்டத்தின் பெயர் வெறும் 'இயற்பியல்', 'வேதியியல்' என்று இல்லாவிட்டால், அது அந்தப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றால் நம்பாதீர்கள், அரசாணையின் நகலை வாங்குங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் அந்தத் தாள் இல்லாமல் வெளியே நின்றவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதுகலை ஆசிரியர்தான் இலக்கு என்றால் இளநிலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்சி வேதியியல், எம்.ஏ ஆங்கிலம் என்று தாவினால் இரண்டு பட்டமும் வீட்டுச் சுவருக்குத்தான். ஒரே வருடத்தில் இன்னொரு டிகிரி வாங்கித் தருகிறோம் என்ற விளம்பரங்களையும் தாண்டிப் போங்கள். பத்து, பிளஸ் டூ, மூன்று வருட டிகிரி என்ற வரிசை குலையக் கூடாது.

அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கை முழுக்க இணையவழிதான். பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தையொட்டி விண்ணப்பம் திறக்கும். நாங்கள் கட்டியது விண்ணப்பம் 48, பதிவு 2, ஆக 50 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 2 ரூபாய் மட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். காரிமங்கலம் மகளிர் கல்லூரி, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, ஓசூர் என்று பஸ் வசதிக்கு ஏற்றதையும் சேர்த்துப் போடுங்கள். எல்லாமே சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை, பட்டத்தில் வித்தியாசம் ஒன்றுமில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணா? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே விண்ணப்பித்தீர்களா என்று பாருங்கள். ஆதார் இணைத்த கணக்கு இல்லாமல் என் வகுப்புத் தோழியின் தங்கைக்கு மாதக்கணக்கில் இழுத்தது.

3. ஒரு கோப்பு போடுங்கள்

பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: பத்து, பதினொன்று (பொதுத்தேர்வு எழுதியிருந்தால்), பன்னிரண்டு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், ஆதார். வருவாய்த்துறைச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்தில் மாவட்டமே அங்கேதான் நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் போய்விட்டால் கூட்டமில்லாமல் வரலாம்.

சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. எஸ்டி சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர் அளவில்தான் கிடைக்கும். விசாரணை நடக்கும், நாள் பிடிக்கும். அப்பா அல்லது பெரியப்பா சான்றிதழ் ஏற்கெனவே இருந்தால் அதையும் இணையுங்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுவது நல்லது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்ஷியல் ஒரே எழுத்து. சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக, அதுவும் ஓர் எழுத்து மாறி இருந்தது. கல்லூரியில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பி.எட் சேர்க்கையில்தான் பிடித்தார்கள். சாதிச் சான்றிதழைத் திருத்தி வாங்க மூன்று வாரம். நல்லவேளை, அந்தப் பக்கம் தப்பு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தப்பு என்றால் அந்த வேலை இதைவிடப் பல மடங்கு. எல்லாச் சான்றிதழையும் வரிசையாகப் பாயில் பரப்பி, பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சாயங்கால வேலைதான்.

4. தமிழ்வழிச் சான்று

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்கான படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். கல்லூரி மட்டும் தமிழ்வழி என்றால் பயனில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தொடக்கப்பள்ளியைத் தெலுங்கிலோ கன்னடத்திலோ படித்துவிட்டுப் பிறகு தமிழ்வழிக்கு மாறியவர்கள் இந்த ஒதுக்கீட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியாகச் சான்று வாங்கணும். என் தங்கைக்காக நாங்கள் படித்த தொடக்கப்பள்ளிக்குப் போனோம். எங்கள் காலத்துத் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புதியவர் நல்ல மனுஷி. இரும்பு பீரோவைத் திறந்து சேர்க்கைப் பதிவேடுகளை மேசைமேல் அடுக்கினார். ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது, திருப்பினால் பொடி கொட்டியது. நாங்கள் மூவரும் ஆளுக்கொன்றாக எடுத்து வருடம் வருடமாகத் தேடினோம். மதிய உணவு மணி அடித்த பிறகுதான் தங்கை பெயர் அகப்பட்டது, பெயரில் முதல் எழுத்தைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. பிறந்த தேதியும் அப்பா பெயரும் இருந்ததால் தப்பித்தோம். டீச்சர் விரல் வைத்துக் காட்டிய அந்த வரியை நான் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

சான்று எழுதும்போது டிஆர்பி அறிவிப்பில் தரும் படிவத்திலேயே வாங்குங்கள். எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதும், முத்திரையும் தேதியும் தெளிவாக இருக்கணும். பள்ளி வேலை நாளில் மட்டும்தான் கிடைக்கும். அறிவிப்பு மே மாதம் வந்தால் என்ன செய்வீர்கள்?

5. பி.எட் சேர்க்கை

படிப்பு இரண்டு ஆண்டு. டிகிரியில் குறைந்தபட்சம் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிசிக்கு 45, எம்பிசிக்கு 43, எஸ்சி, எஸ்டிக்கு 40. நம் ஊரில் எம்பிசி பிள்ளைகள் அதிகம், 43 என்றதும் அலட்சியமாக இருந்துவிடுவார்கள். 43 என்பது விண்ணப்பிக்கத்தான், அரசு இடம் கிடைப்பது தரவரிசையில்தான்.

அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்வியியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையவழி விண்ணப்பம். எந்த மாதம் வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்டிக்கு 250. நமக்குக் கிட்டத்தில் என்றால் குமாரபாளையம் அரசு கல்லூரியும் வேலூர் அரசு கல்லூரியும். இரண்டுமே தினம் போய்வர முடியாத தூரம், விடுதியோ அறையோ பார்க்கணும். அப்படியும் தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிச்சம்தான்.

பருவத்தேர்வு முடிவு வருவதற்கும் விண்ணப்பம் மூடுவதற்கும் இடையில் நாள் குறைவாக இருக்கும். முடிவு வந்த அன்றே மதிப்பெண் பட்டியலையும் தற்காலிகப் பட்டச் சான்றிதழையும் கல்லூரியில் கேட்க ஆரம்பியுங்கள். ஒரு அரியர் இருந்தாலும் அந்த வருடம் போச்சு.

தனியார் கல்லூரி என்றால் மூன்று கேள்வி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா? தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா? எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? மூன்றாவதுக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். சேர்க்கும்போது ஒரு தொகை சொல்லிவிட்டு, பிறகு ரெக்கார்டு, முகாம், செய்முறைத் தேர்வு என்று தவணை தவணையாகக் கறப்பது சகஜம்.

"காலேஜுக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாங்க" என்று ஒரு வகை உண்டு. ஏஜென்ட் வீடு தேடி வருவார். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது விதி. வேலைக்குப் போய்க்கொண்டே, அதே நாட்களில் கல்லூரியிலும் இருந்ததாகக் காட்டினால் சரிபார்ப்பில் இரண்டு தேதியும் முட்டிக்கொள்ளும். தொலைதூர பி.எட் எல்லாருக்கும் கிடையாது, ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூருக்கும் ஆந்திராவில் உள்ள குப்பத்துக்கும் போய்ப் படிக்கிறவர்கள் நிறைய. வெளிமாநிலப் பட்டத்தோடு இங்கே பி.எட் சேர இடம்பெயர்வுச் சான்றிதழ் வேண்டும். பிற்பாடு வேலை கிடைத்ததும் உண்மைத்தன்மை கேட்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும், பதில் வரத் தாமதமாகும். தெரிந்துகொண்டு போங்கள்.

பிளஸ் டூ முடித்ததும் பட்டமும் பி.எட்டும் சேர்த்து நான்கே ஆண்டில் படிக்கும் வழியும் இருக்கிறது. மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் நம் மாநிலத்துக்கும் சேர்த்துத்தான். நுழைவுத் தேர்வு உண்டு. ஓசூரிலிருந்து மைசூர் ஒன்றும் வெகுதூரமில்லை, ஏனோ நம் பள்ளிகளில் இதை யாரும் சொல்வதில்லை.

6. பி.எட்டின் இரண்டு வருடம்

முதல் ஆண்டில் நான்கு வாரம், இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் பள்ளியில் பயிற்சி. பஸ் பாஸ், சார்ட், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு என்று கைக்காசு கரையும். நான் முதல் வருடம் ரெக்கார்டை அடுத்த மாதம் எழுதலாம் என்று தள்ளிவைத்து, கடைசியில் நாலு நாள் தூங்காமல் எழுதினேன். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

7. டெட்

150 கேள்வி, 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஒன்றையும் விடாமல் நிரப்புங்கள். இரண்டாம் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். மொழித்தாளுக்குத் தெலுங்கு, கன்னடம், உருதுவும் எடுக்கலாம். எல்லையோரப் பிள்ளைகளுக்கு இது வசதி.

பொதுப்பிரிவுக்கு 90 எடுக்கணும். இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. 2022 அறிவிப்பில் அது 82, தங்கை 84 எடுத்துத் தப்பினாள். உங்கள் அறிவிப்பில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025இல் கட்டணம் 600, எஸ்சி, எஸ்டிக்கு 300.

வருடா வருடம் நடக்கும் என்று நம்ப வேண்டாம். 2013க்குப் பிறகு 2017, அப்புறம் 2019, 2022, 2025. ஒரு அறிவிப்பைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. பி.எட் இறுதியாண்டிலேயே எழுதலாம், எழுதிவிடுங்கள். ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும்.

8. டெட் தேறினால் வேலை கிடைத்துவிடாது

எங்கள் தெருவில் தங்கை தேறியதும் சாக்லேட் கேட்டார்கள். டெட் என்பது தகுதி மட்டும்தான். 2018 அரசாணைக்குப் பிறகு, பணி நியமனத்துக்கு டிஆர்பி தனியாகப் போட்டித் தேர்வு நடத்துகிறது. பட்டதாரி ஆசிரியர் தேர்வு 2024 பிப்ரவரியில் நடந்தது, இடைநிலை ஆசிரியர் தேர்வு அதே ஆண்டு ஜூலையில்.

எல்லாத் தேர்விலும் முதலில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. 50க்கு 20 எடுக்காவிட்டால் உங்கள் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கிலவழியில் படித்த நல்ல மாணவர்கள் விழுவது இங்கேதான். முதுகலைத் தேர்வில் பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. வயதைப் பற்றி அவசரப்பட வேண்டாம். 2023இல் வந்த பட்டதாரி ஆசிரியர் அறிவிப்பில் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 வரை இடம் கொடுத்திருந்தார்கள். என் பி.எட் வகுப்பிலேயே கல்லூரி போகும் மகள் இருந்த அக்கா ஒருவர் படித்தார்.

9. நடுவில் தனியார் பள்ளியில் சேர்ந்தால்

தேர்வுக்கும் தேர்வுக்கும் நடுவில் சும்மா இருக்க முடியாது. ஓசூரில் சிபிஎஸ்இ பள்ளிகள் நிறைய, அவர்கள் சிடெட் இருக்கிறதா என்று கேட்பார்கள். சிபிஎஸ்இ வாரியமே நடத்துகிற தேர்வு அது. ஒரு தாளுக்கு 1,000, இரண்டுக்கும் 1,200 ரூபாய், எஸ்சி, எஸ்டிக்குப் பாதி. மாநில அரசுப் பள்ளிக்கு நம் டெட்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சேரும்போது "ஒரிஜினல் கொடுத்துட்டுப் போங்க, பத்திரமா இருக்கும்" என்பார்கள். கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். டிஆர்பி சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது, பாதிக் கல்வியாண்டில் விட முடியாது, இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்பா தக்காளி விற்ற காசோடு வந்து நின்றார். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று வையுங்கள். பள்ளி கேட்டால் சரிபார்த்துக்கொள்ள ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். கட்டாயம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வேறு பள்ளி பாருங்கள்.